பந்தியில் சொன்ன கணக்கும் பில்லில் இருந்த கணக்கும்

ஒரே வருடம், ஒரே குடும்பம், நான்கு முதலீடுகள். உண்மையில் யாருக்கு எவ்வளவு மிஞ்சியது?

2025 சித்திரையில் கும்பகோணத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். மதியப் பந்தி முடிந்து, மண்டபத்தின் பின்பக்கம் வேப்ப மர நிழலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வந்து போனது. வெயிலில் ஆரம்பித்த பேச்சு கடைசியில் பணத்தில் வந்து நின்றது.

"தங்கம் ஒரே வருஷத்துல முப்பத்திரண்டு பர்சன்ட் ஏறியிருக்கு. நான் போன வருஷமே வளையல் வாங்கிட்டேன்" என்றார் அத்தை.

"எனக்கு பேங்க்ல ஏழரை. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், ராத்திரி தூக்கம் வருது" என்றார் பெரியப்பா.

சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் சித்தி மகன் முகம் வாடியிருந்தான். "மாசா மாசம் பத்தாயிரம் எஸ்.ஐ.பி. கட்டினேன்ணே. கட்டின பணமே முழுசா இல்ல. நிறுத்திடலாம்னு இருக்கேன்."

தங்கை கணவர் மெதுவாகச் சிரித்தார். "ஆப்ஷன்ல போன மாசம் மட்டும் நாற்பதாயிரம் எடுத்தேன் மச்சான்."

நால்வரும் சொன்னது உண்மை. ஆனால், நால்வரும் நாலு விதமான அளவுகோலால் அளந்தார்கள். அத்தை சொன்னது கடைப் பலகையில் எழுதியிருக்கும் விலை. பெரியப்பா சொன்னது வட்டி விகிதம். தம்பி சொன்னது கணக்கில் தெரிந்த இருப்பு. மாப்பிள்ளை சொன்னது ஒரே ஒரு மாதத்தின் லாபம். படியால் அளந்த நெல்லையும் முழத்தால் அளந்த துணியையும் பக்கத்தில் வைத்து எது அதிகம் என்று கேட்பதுபோலத்தான் இது. நம் வீடுகளில் முதலீட்டைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பேச்சில்தான் பிறக்கின்றன.

நால்வரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்தேன். பில், பாஸ்புக், ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, ஒரே நிதியாண்டுக்கு, ஒரே அளவுகோலில் அளந்து பார்க்கிறேன் என்றேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

அத்தையின் வளையல்

முதலில் வந்தது அத்தையின் நகைக்கடை பில். 2024 மார்ச் கடைசியில் நாலு பவுனில் வாங்கிய வளையல். அந்த வாரத்தில்தான் சென்னையில் ஆபரணத் தங்கம் முதன்முறையாகப் பவுன் 50,000 ரூபாயைத் தாண்டியது. கணக்கு எளிதாக இருக்க, பவுன் 51,000 என்று வைத்துக்கொள்வோம்.

நாலு பவுனுக்கு 2,04,000 ரூபாய். அதற்குக் கீழே சேதாரமும் செய்கூலியும் சேர்த்து 12 சதவீதம், 24,480 ரூபாய். அதற்கும் கீழே 3 சதவீத ஜி.எஸ்.டி., 6,854 ரூபாய். அத்தை கையிலிருந்து போன மொத்தப் பணம் 2,35,334 ரூபாய்.

2025 மார்ச் 31 அன்று பவுன் 67,400 ரூபாயை ஒட்டி இருந்தது. அன்று அந்த வளையலை விற்றிருந்தால் நாலு பவுனுக்கு 2,69,600 ரூபாய். பழைய நகைக்கு 2 சதவீதம் கழித்தாலும் கைக்கு வருவது 2,64,200. லாபம் ஏறத்தாழ 28,900 ரூபாய், அதாவது 12 சதவீதத்தை ஒட்டி. வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் அந்த லாபத்துக்கு அவரவர் வருமான வரி விகிதத்தில் வரியும் உண்டு.

தங்கம் ஏறியது 32 சதவீதம். வளையல் தந்தது 12 சதவீதம். இடையில் உள்ள 20 சதவீதம் சேதாரத்திலும் செய்கூலியிலும் வரியிலும் கழிவிலும் போனது. இதே பணம் தங்க இ.டி.எஃப்.பில் இருந்திருந்தால் விலையேற்றத்தில் பெரும்பகுதி கையில் நின்றிருக்கும்.

அதற்காக அத்தை செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். அவருக்கு கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். இரண்டு மூன்று வருடத்தில் எப்படியும் நகை செய்தே ஆக வேண்டும். நாளை தங்கத்தில் செய்ய வேண்டிய செலவை இன்றைக்கே தங்கமாக வாங்கி வைப்பது, விலையேற்றத்திலிருந்து தப்பிக்கும் நல்ல வழி. அந்த வளையலைத் தேவைக்கு முன்னால் வாங்கிய பொருளாகப் பார்த்தால் அத்தையின் கணக்கு சரி. 32 சதவீதம் சம்பாதித்த முதலீடாகப் பார்த்தால் தப்பு.

பெரியப்பாவின் ஏழரை

பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். பத்து லட்சத்தை ஒரே வங்கியில் ஒரு வருட வைப்பு நிதியில் போட்டிருந்தார். மூத்த குடிமக்களுக்கான 7.5 சதவீதத்தில் வருட வட்டி 75,000 ரூபாய். பென்ஷனும் சேர்ந்து அவர் 20 சதவீத வரி வரம்பில் வருகிறார். செஸ் உட்பட 20.8 சதவீதம், அதாவது 15,600 ரூபாய், வரிக்குப் போகிறது. மிச்சம் 59,400.

அடுத்து விலைவாசி. 2024-25ல் சில்லறைப் பணவீக்கம் சராசரியாக 4.6 சதவீதம். பத்து லட்சத்தின் வாங்கும் சக்தி குறையாமல் நிற்கவே 46,000 ரூபாய் தேவை. ஆக, பெரியப்பாவின் செல்வம் உண்மையாக வளர்ந்தது 13,400 ரூபாய். ஏழரை என்று அவர் சொன்னது கடைசியில் ஒன்றேகாலை ஒட்டி வந்து நிற்கிறது.

இதே கணக்கை, 30 சதவீத வரி கட்டும் சம்பளக்காரர் ஒருவருக்கு 7 சதவீத வட்டியில் போட்டுப் பாருங்கள். 70,000 ரூபாய் வட்டியில் வரி 21,840. மிச்சம் 48,160. விலைவாசிக்கு 46,000 கொடுத்தால் மிஞ்சுவது 2,160 ரூபாய். பத்து லட்சம் ஒரு முழு வருடம் உழைத்து இரண்டாயிரம் ரூபாய்தான் கூட்டியிருக்கிறது.

வைப்பு நிதியில் அபாயமே இல்லை என்று நினைக்கிறோம். இருக்கிறது. விலைவாசி அரிப்பது ஒன்று. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் ரெப்போ விகிதத்தை 6.5லிருந்து 6.25 ஆகவும், ஏப்ரலில் 6 ஆகவும், ஜூனில் 5.5 ஆகவும் குறைத்தது. வங்கிகளின் வைப்பு வட்டியும் அதைப் பின்தொடர்ந்து இறங்கியது. முதிர்ந்த பணத்தைத் திரும்பப் போடும்போது பழைய வட்டி கிடைக்காது. இது இரண்டாவது அபாயம். மூன்றாவது, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் முதலும் சேர்த்து ஐந்து லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு. பெரியப்பாவின் பணத்தில் பாதிக்குக் காப்பீடு இல்லை.

ஆனாலும் பெரியப்பாவுக்கு வயது 68. மாதாமாதம் மருந்துக்கும் மளிகைக்கும் இந்தப் பணம்தான். இறங்கினால் காத்திருக்க அவருக்கு அவகாசம் இல்லை. அவருக்கு நான் சொன்னது இரண்டே மாற்றம். ஒரு பகுதியை 8.2 சதவீதம் தரும் தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். மீதியை இரண்டு வங்கிகளில் பிரித்து, வெவ்வேறு தேதிகளில் முதிரும்படி போடுங்கள்.

தம்பியின் எஸ்.ஐ.பி.

தம்பி கட்டியது நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டில். மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு தவணை, மொத்தம் 1,20,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் முதல் வர்த்தக நாளின் நிஃப்டி புள்ளியை வைத்து, டிவிடெண்ட் சேர்க்காமல் கணக்குப் போட்டால், 2025 மார்ச் 28 அன்று இருப்பு ஏறத்தாழ 1,18,500 ரூபாய். கட்டியதைவிட 1,500 குறைவு. அவன் சொன்னது பொய்யில்லை.

ஆனால், அதே வருடத்தில் நிஃப்டி ஏறித்தான் இருக்கிறது. 2024 மார்ச் 28ல் 22,327. 2025 மார்ச் 28ல் 23,519. ஏற்றம் 5.3 சதவீதம். டிவிடெண்டைச் சேர்த்தால் இன்னும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். முதல் நாளே மொத்தமாகப் போட்டவருக்கு லாபம், மாதாமாதம் போட்டவருக்கு நஷ்டம். ஒரே குறியீடு, ஒரே வருடம். இது எப்படி?

நிஃப்டி நேர்க்கோட்டில் நடக்கவில்லை. செப்டம்பர் 26 அன்று 26,216ல் முடிந்தது. அங்கிருந்து சரிந்து மார்ச் 4 அன்று 22,083க்கு வந்தது. மொத்தமாகப் போட்டவர் அடிவாரத்தில் ஏறியவர். தம்பியின் பன்னிரண்டு தவணைகளில் பாதிக்கு மேல் மலையின் மேல் பகுதியில் வாங்கியவை. அவன் மார்ச் முதல் வாரத்தில் வாங்கிய தவணை மட்டும் தனியாகப் பார்த்தால் அந்த மாதக் கடைசியிலேயே 6 சதவீதம் ஏறியிருந்தது. நிறுத்தலாம் என்று அவன் நினைத்த நேரத்தில்தான் யூனிட் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாதத் தவணையில் கட்டிய பணத்தின் லாபத்தை மொத்தத் தொகையால் வகுக்கக் கூடாது. தொடர் வைப்பில் மாதம் 10,000 வீதம் 6.7 சதவீதத்தில் ஒரு வருடம் கட்டினால் வட்டி ஏறத்தாழ 4,350 ரூபாய் வரும். 1,20,000க்கு 4,350 என்றால் 3.6 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால், முதல் தவணை மட்டும்தான் பன்னிரண்டு மாதம் இருந்தது. கடைசித் தவணை ஒரே மாதம்தான். சராசரியாகப் பணம் உள்ளே இருந்தது ஆறரை மாதம். அதனால் உண்மை விகிதம் 6.7தான்.

பணம் போன தேதி, வந்த தேதி எல்லாவற்றையும் சேர்த்து வருட விகிதத்தைச் சொல்லும் கணக்குக்கு எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்று பெயர். கணினியில் எக்ஸெல் தாளிலும், கைபேசியில் இருக்கும் கூகுள் ஷீட்ஸிலும் இந்த வசதி உண்டு. ஒரு பத்தியில் தேதி, அடுத்த பத்தியில் தொகை. போட்ட பணத்துக்குக் கழித்தல் குறி, கடைசித் தேதியில் இருக்கும் மதிப்புக்குக் கூட்டல் குறி. விடை தானாக வரும். எஸ்.ஐ.பி., ஏலச்சீட்டு, தவணை நகைச்சீட்டு, எண்டோமென்ட் பாலிசி என எதை எதோடு ஒப்பிட்டாலும் இந்த ஒரு விகிதத்தில்தான் ஒப்பிட வேண்டும்.

எந்த நாளில் தொடங்கினோம்?

ஒரு வருட லாபம் என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியிலிருந்து என்பதுதான் முதல் கேள்வி. இதே நிஃப்டியில் மூன்று தேதிகளைப் பாருங்கள். 2024 மார்ச் கடைசியில் தொடங்கினால் ஒரு வருடத்தில் 5.3 சதவீத லாபம். தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று, 21,884 புள்ளியில் தொடங்கினால் அடுத்த ஜூன் 4ல் 12 சதவீதத்துக்கு மேல் லாபம். செப்டம்பர் 26ன் உச்சத்தில் தொடங்கினால் அடுத்த செப்டம்பர் 26ல் 6 சதவீத நஷ்டம்.

மூன்று பேரும் ஒரே ஃபண்டைத்தான் வைத்திருப்பார்கள். ஒருவர் கெட்டிக்காரர், ஒருவர் ஏமாளி என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். ஒரு வருடக் கணக்கில் திறமையைவிட தொடங்கிய தேதிக்குப் பங்கு அதிகம்.

தங்கத்துக்கும் இதே பாடம் பொருந்தும். 2012ல் இந்தியாவில் பத்து கிராம் சுத்தத் தங்கத்தின் சராசரி விலை 31,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2018லும் அதே 31,000 சொச்சம். ஆறு வருடம் பொறுமையாக வைத்திருந்தவருக்கு விலையேற்றம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2024-25ன் 32 சதவீதத்தைப் பார்த்துவிட்டு வைப்பு நிதியை உடைத்துத் தங்கத்துக்கு ஓடுகிறவர்கள் அந்த ஆறு வருடத்தையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் ஒரு மாதம்

மற்ற மூவரும் இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். தங்கை கணவரிடமிருந்து இரண்டு வாரம் எதுவும் வரவில்லை. ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பி.டி.எஃப். வந்தது. அதன் கீழே ஒரு வரி: "தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க மச்சான்."

பன்னிரண்டு மாதத்தில் நாலு மாதம் லாபம். எட்டு மாதம் நஷ்டம். தரகும் வரிகளும் போக நிகர நஷ்டம் 1,86,000 ரூபாய். பந்தியில் சொன்ன நாற்பதாயிரம் அந்த நாலு மாதங்களில் ஒன்று.

அவர் தனி ஆள் அல்ல. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த ஆய்வு 2025 ஜூலையில் வந்தது. 2024-25ல் நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம், இழப்பு ஒரு லட்சம் கோடிக்கு மேல். நூறு பேர் இறங்கினால் ஒன்பது பேர் கரையேறுகிறார்கள்.

இதில் ஒரு கொடுமை உண்டு. லாபம் வந்த மாதம் வாய்க்கு வருகிறது. நஷ்டம் வந்த மாதம் மனசுக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. கேட்பவர்களுக்கு நாற்பதாயிரம் மட்டும்தான் தெரியும். அதை நம்பி அடுத்த தம்பி கணக்குத் தொடங்குகிறான். ஆப்ஷன் லாபத்தைப் பற்றி யார் பேசினாலும் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டைக் கேளுங்கள். காட்டாதவர் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

இதற்கும் ஒரு படி மேலே, மாதம் 25, 30 சதவீதம் தருகிறோம் என்று ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆருத்ரா கோல்டு வழக்கு 2022ல் வெளிச்சத்துக்கு வந்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் கட்டியிருந்தது தெரிந்தது. ஒரு வருடத்தில் எட்டு, பத்து சதவீதம் சம்பாதிக்கவே சந்தை இவ்வளவு ஆட்டம் ஆடும்போது, ஒரே மாதத்தில் முப்பது தருகிறேன் என்பவர் எதை வைத்துத் தருவார்? அடுத்து வருபவர் பணத்தை வைத்துத்தான்.

எவ்வளவு இறங்கியது?

லாபத்தை எல்லோரும் கேட்கிறோம். அந்த லாபத்துக்காக எவ்வளவு இறக்கத்தைத் தாங்கினோம் என்று கேட்பதில்லை. அபாயம் என்பதை அறிஞர்கள் பல சூத்திரங்களில் அளக்கிறார்கள். வீட்டுக்கு ஒரே ஒரு எண் போதும். உச்சத்திலிருந்து அடிவரை அதிகபட்சம் எவ்வளவு சரிந்தது?

2024-25ல் நிஃப்டியின் சரிவு, செப்டம்பர் உச்சத்திலிருந்து மார்ச் அடிவரை, கிட்டத்தட்ட 16 சதவீதம். சிறு நிறுவனப் பங்குகளின் குறியீடு சுமார் கால் பங்கு சரிந்தது. பத்து லட்சம் ஏழரை லட்சமாகத் தெரியும் காலையில், அதைப் பார்த்தும் விற்காமல் இருக்க முடியுமா? முடியாது என்றால் அந்த முதலீடு உங்களுக்கு ஆகாது, அது எவ்வளவு லாபம் தந்திருந்தாலும்.

2024 ஜூன் 4 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாக்கு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் ஓரத்தில் சென்செக்ஸ் சிவப்பாகவே கிடந்தது. அன்று ஒரே நாளில் 4,389 புள்ளிகள் சரிந்து 72,079ல் முடிந்தது. பயந்து விற்றவர்கள் ஏராளம். மூன்றாம் நாள், ஜூன் 7 அன்று, அதே சென்செக்ஸ் 76,693ல் புதிய உச்சத்தில் முடிந்தது. சும்மா இருந்தவருக்கு நஷ்டம் இல்லை. விற்றவருக்கு அது நிரந்தர நஷ்டம்.

இப்படி எல்லாச் சரிவும் மூன்று நாளில் ஆறிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2008ல் நிஃப்டி ஏறத்தாழ 52 சதவீதம் சரிந்தது. 2009ல் 76 சதவீதம் ஏறியது. இரண்டின் சராசரி வருடத்துக்கு 12 சதவீத லாபம். ஆனால் 2007 கடைசியில் 100 ரூபாய் வைத்திருந்தவரிடம் 2009 கடைசியில் இருந்தது 85 ரூபாய். நூறு நாற்பத்தெட்டாகி, அது 76 சதவீதம் ஏறினாலும் நூறைத் தொடவில்லை. பெரிய சரிவைத் தவிர்ப்பது பெரிய லாபத்தைப் பிடிப்பதைவிட முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை.

கலந்து வைத்திருந்தால்

எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத ஒன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து லட்சத்தில் நாலு லட்சம் 7 சதவீத வைப்பு நிதி, நாலு லட்சம் நிஃப்டி ஃபண்ட், இரண்டு லட்சம் தங்க இ.டி.எஃப். என்று 2024 மார்ச் கடைசியில் பிரித்துப் போட்டிருந்தால்?

வருடக் கடைசியில் வைப்பு நிதி 28,000 தந்திருக்கும். நிஃப்டி 21,200. தங்கம், விலையேற்றம் முழுமையாகக் கிடைத்தால், 64,000. மொத்தம் 1,13,200, அதாவது 11.3 சதவீதம். இந்த லாபத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. செப்டம்பரிலிருந்து மார்ச்வரை நிஃப்டி 16 சதவீதம் சரிந்த அதே நாட்களில், இந்தக் கலவையின் மதிப்பு இறங்கியது ஏறத்தாழ 3 சதவீதம். பங்கு இறங்கியபோது தங்கம் ஏறிக்கொண்டிருந்தது, வைப்பு நிதி தன் பாட்டுக்கு வட்டி சேர்த்துக்கொண்டிருந்தது.

இந்த 11.3 ஒவ்வொரு வருடமும் வராது. தங்கம் அசையாமல் இருந்திருந்தால் இதே கலவை 5 சதவீதத்துக்குள்தான் தந்திருக்கும். கலவை தருவது முதலிடத்தை அல்ல. எந்த வருடத்திலும் கடைசி இடத்துக்குப் போகாத உறுதியைத் தருகிறது.

கலந்து வைத்தால் வருடத்துக்கு ஒருமுறை சமன்செய்ய வேண்டும். மேலே சொன்ன கணக்கில் வருடக் கடைசியில் தங்கத்தின் பங்கு 20லிருந்து 24 சதவீதத்தை ஒட்டி ஏறியிருக்கும். சுமார் 41,000 ரூபாய்க்குத் தங்கத்தை விற்று மற்ற இரண்டிலும் பிரித்துப் போட்டால் பழைய விகிதம் திரும்பும். அதன் பிறகும் தங்கம் ஏறத்தான் செய்தது. அப்படியானால் விற்றது தப்பா? இல்லை. எது ஏறும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால்தான் கலந்தே வைக்கிறோம். அந்தக் காரணம் வருடக் கடைசியிலும் மாறுவதில்லை.

பந்தியில் யாரும் சொல்லாதவை

அன்று பேச்சில் வராத இரண்டு விஷயங்கள் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

ஒன்று, பி.எஃப். தம்பியின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கு 2024-25ல் வட்டி 8.25 சதவீதம். வருடத்துக்கு அவன் பங்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும்வரை வட்டிக்கு வரியும் இல்லை. அந்த வருடம் நிஃப்டியை ஜெயித்த முதலீடு அவன் கையிலேயே இருந்தது. அதை அவன் முதலீடாகவே எண்ணவில்லை. பி.எஃப்.பையும் சேர்த்துப் பார்த்தால் அவன் செல்வத்தில் பங்குச்சந்தைப் பகுதி மூன்றில் ஒன்றுகூட இல்லை. 29 வயதில் எஸ்.ஐ.பி.யை நிறுத்த அவனுக்கு எந்தக் காரணமும் இல்லை.

இரண்டு, கடன். மாப்பிள்ளை ஆப்ஷனில் போட்ட பணத்தின் ஒரு பகுதி 14 சதவீத வட்டிக்கு வாங்கிய தனிநபர் கடன். 14 சதவீதக் கடனை அடைப்பது என்பது வரியும் இல்லாமல் அபாயமும் இல்லாமல் 14 சதவீதம் சம்பாதிப்பதற்குச் சமம். அந்த வருடத்தில் வைப்பு நிதி, நிஃப்டி, அத்தையின் வளையல் எதுவும் அதைத் தரவில்லை. வட்டி அதிகமுள்ள கடனை வைத்துக்கொண்டு முதலீட்டு லாபத்தை ஒப்பிடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

உங்கள் வீட்டுக் கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

முதலில் ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். மார்ச் 31 வசதியான தேதி. ஒவ்வொரு வருடமும் அதே தேதி.

வைப்பு நிதி, தபால் அலுவலகம், பி.எஃப்., ஃபண்ட், பங்கு, தங்கம், சீட்டு, கைமாற்றாகக் கொடுத்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். எதிர்ப் பக்கத்தில் கடன்களை எழுதுங்கள்.

ஒவ்வொன்றின் வருட விகிதத்தையும் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். முறையில் போடுங்கள். தரகு, சேதாரம், வரி எல்லாம் கழித்த பிறகு வருவதுதான் விகிதம். பங்கு ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை பட்ஜெட்டில் மாறியது இது.

அதன் பக்கத்தில் அந்த வருடத்தின் பணவீக்கத்தை எழுதுங்கள். அதற்கும் பக்கத்தில், நடுவில் அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள்.

கடைசிப் பத்திதான் முக்கியம். இந்தப் பணம் எதற்கு, எந்த வருடம் வேண்டும்? மூன்று வருடத்துக்குள் வேண்டிய பணம் பங்கில் இருக்கக் கூடாது. பதினைந்து வருடம் கழித்து வேண்டிய பணம் முழுதும் வைப்பு நிதியில் இருக்கக் கூடாது. அத்தையின் கணக்கும் பெரியப்பாவின் கணக்கும் தம்பியின் கணக்கும் வெவ்வேறாக இருந்தது இதனால்தான். அவர்களில் யார் ஜெயித்தார்கள் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: தன் தேவைக்கும் வயதுக்கும் பொருந்திய இடத்தில் பணத்தை வைத்திருந்த மூவரும் ஜெயித்தார்கள். கடன் வாங்கிப் பந்தயம் கட்டிய ஒருவர் மட்டும் தோற்றார்.

பெரியப்பா பணத்தைப் பிரித்துவிட்டார். தம்பி எஸ்.ஐ.பி.யைத் தொடர்கிறான். மாப்பிள்ளை ஆப்ஷன் கணக்கை மூடி, கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு மாலை அவரே தங்கையை உட்காரவைத்து அந்தப் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டைக் காட்டினார். தங்கை அழுதாள், திட்டினாள், பிறகு நோட்டை எடுத்து மாதாமாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போட்டாள். இரண்டு வருடமாக அவர் ஒருவரே சுமந்த கணக்கு அது.

வாசகர்களிடம் என் வேண்டுகோளும் அதுவே. அந்த நாற்பது பக்க நோட்டைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். லாபமோ நஷ்டமோ, வீட்டுப் பணத்தின் கணக்கு வீட்டில் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.